கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

ஏப்ரல், ஞாயிறு காலை

வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க எங்கள் வீட்டில் ஒரு கல் உண்டு. வெளிறிய கல். ஒரு கைக்கு அடங்காது, இரண்டு கை வேண்டும். தோட்டத்து லயத்தில் இருந்தவரை பாட்டி அதில்தான் குதிகாலைத் தேய்த்துக் குளிப்பாள். 1990களில் பால்மரமும் செம்பனையும் நின்ற மேடுகளில் புத்ராஜெயா எழும்பத் தொடங்கியது. அங்கிருந்த தோட்டங்கள் காலியாயின. நாங்கள் டெங்கிலுக்கு வந்த லோரியில் சாமிப்படம், அம்மி, தையல் மிஷின் இவற்றோடு இந்தக் கல்லும் வந்து இறங்கியது. எடுத்து வைக்கும்படி யாரும் சொன்னதாக நினைவில்லை.

இன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை மடியில் வைத்துப் பார்த்தேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைக்கிறது. மேலெல்லாம் பொடிப்பொடியான குழிகள், ஊசியால் குத்தினாற்போல. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை. கடலில் கரைந்திருப்பதை உறிஞ்சி, சுண்ணாம்பாக்கித் தன் அடியில் இறக்கி, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும் உயிர். இப்படித் திரண்டு உருளும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. என் மடியிலிருப்பது ஒரு சாண் கனம். இருபது ஆண்டு வேலை.

அதை நான் ஒரு நிமிடத்தில் பெயர்த்தேன். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துப்போன சுற்றுலா. 1974. தஞ்சோங் துவான் பக்கம் கடல் வற்றிப் பாறை மேடு வெளியே தெரிந்தது. பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று ஒரு கம்பியை விட்டு நெம்பினேன். செத்த கல்தான் என்று எல்லாரும் சொன்னோம். கையில் வழவழப்பாக இருந்தது. வகுப்பு மேசையில் வைத்த மூன்றாம் நாள் அழுகல் வாடை கிளம்பி, தலைமையாசிரியர் வெளியே தூக்கிப் போடச் சொன்னார். நான் லயத்துக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

செத்த கல் அழுகாது. இது உறைக்க எனக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

*

மே, மழை விட்ட பிறகு

ஆற்றைப் பார்க்கப் போனேன். லங்காட் இன்று தே தாரேக் நிறம். அதிலும் பால் குறைத்துச் சர்க்கரை அதிகம் போட்ட தே தாரேக்.

1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலையில் இது கண்ணாடிபோலப் புறப்படுகிறது. அங்கே உலு லங்காட் பக்கம் குடும்பத்தோடு குளிக்கப் போயிருக்கிறோம். காலடிக் கூழாங்கல்லை எண்ணலாம். காஜாங் தாண்டி டெங்கில் வருவதற்குள் ஆளே மாறிவிடுகிறது. இந்த வட்டாரத்தில் மண் புரளாத காலம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. முதலில் ஈயத்துக்காகத் தோண்டினார்கள். அந்தக் குட்டைகளில் சில இன்று பாயா இண்டா என்ற ஈரநிலமாகித் தாமரையும் நாரையுமாக இருக்கின்றன. வெட்டிய காயம் இவ்வளவு அழகாக ஆறுவது அபூர்வம். பிறகு 1998இல் திறந்த விமான நிலையம், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நகரங்கள், நெடுஞ்சாலைகள். ஒவ்வொரு முறையும் சிவப்பு மண் திறந்து கிடக்கும். நம் மழைக்கு அது போதும். 2021 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது டெங்கிலில் வீட்டுச் சுவர்களில் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தது இந்த மண்தான்.

கடலுக்குப் போய்ச் சேர்ந்த மண் பவளத்தின் தலையில் மெல்ல இறங்குகிறது. பவளத்துக்குக் கை இல்லை. சளிபோல ஒன்றைச் சுரந்து அதில் தூசியை ஒட்டவைத்து உதறித் தள்ளுகிறது. கொஞ்சம் மண் என்றால் தள்ளிவிடும். நாள்தோறும் விழுந்தால், சாப்பிட்டதெல்லாம் துடைக்கிற வேலைக்கே போய்விடும். தண்ணீர் கலங்கினால் வெளிச்சமும் இறங்காது. புதிதாய்ப் பிறந்து மிதந்து வரும் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கெட்டித் தரை வேண்டும். சேற்றில் அது ஒட்டாது. மேலே இருப்பது தாக்குப்பிடித்துக் கிடக்க, அடுத்த தலைமுறை வந்து சேராமல் ஒரு பவளத்திட்டு கிழடாகிப்போகும். தோட்டத்தில் கடைசி வருடங்களில், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை காலியாகக் கிடந்தது ஞாபகம் வருகிறது.

இங்கே ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். லங்காட்டின் சேறு போர்ட்டிக்சன் பவளத்தை மூடுகிறது என்று நேற்று எழுதி வைத்திருந்தேன். எழுத நன்றாக இருந்தது. ஆனால் மலாக்கா நீரிணையில் நீரோட்டம் பெரும்பாலும் வடமேற்கே போகிறது. எங்கள் சேறு கேரித் தீவின் கண்டல் காடுகளைத் தடவிக்கொண்டு கிள்ளான் பக்கம் போகும். அந்தக் கண்டல் வேர்கள் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு நிற்கும். போர்ட்டிக்சனுக்கு அதன் தெற்கே சிரம்பான் பக்கத்து மண்ணைச் சுமந்து வரும் லிங்கி ஆறு இருக்கிறது. எல்லா ஊருக்கும் ஓர் ஆறு. குற்றத்தை நான் என் மேல் போட்டுக்கொள்வதற்குக்கூட முகவரி சரியாக இருக்க வேண்டும்.

*

ஜூன், தூக்கம் வராத இரவு

புழுக்கம். மின்விசிறி வெந்நீரைக் கலக்குவதுபோலச் சுற்றுகிறது.

பவளத்துக்குள் ஒரு குடித்தனம் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி அதன் சதைக்குள் குடியிருந்து, வெயிலை வாங்கி, சர்க்கரை சமைத்து, வீட்டுக்காரனுக்குப் பெரும்பங்கைக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய தெம்பில் பத்தில் ஒன்பது பங்குவரை இப்படி வருவதாகச் சொல்வார்கள். பதிலுக்கு அதற்கு ஓர் இடமும், பவளத்தின் கழிவும் கிடைக்கின்றன. நிறமும் குடியிருப்பவனுடையதுதான்.

கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சுட்டு, அப்படியே சில வாரம் நின்றால், இந்த ஏற்பாடு கெடுகிறது. வெப்பத்தில் பாசியின் சமையல் பிசகி நஞ்சு சுரக்கிறது. வேறு வழியில்லாமல் பவளம் அதை வெளியே துப்புகிறது. கண்ணாடிச் சதைக்குள் சுண்ணாம்பு எலும்பு தெரியும். அதைத்தான் வெளுப்பது என்கிறோம். செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் ஆறினால் மறுபடி குடிவரும். ஆறாவிட்டால் சில வாரங்களில் முடிந்துவிடும்.

உழைத்துச் சோறு போட்டவனை வெளியே அனுப்பிய வீடு என்று எங்கள் தோட்டத்தோடு இதை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உவமை கொஞ்ச தூரம் கூட வரும், அப்புறம் நின்றுவிடும். பவளம் யாரையும் வேண்டுமென்று அனுப்புவதில்லை. அதோடு எங்களுக்கு ஒரு லோரியாவது வந்தது. பவளத்துக்கு ஏறிப் போக எதுவுமில்லை.

உலகம் தழுவிய வெளுப்பு 1998இல் முதல் தடவை. பிறகு 2010. பிறகு 2014 முதல் 2017 வரை. நான்காவது 2023இல் தொடங்கியது. உலகப் பவளத்திட்டுப் பரப்பில் 84 சதவீதம் வெளுக்கும் அளவுச் சூட்டைப் பார்த்துவிட்டதென்று அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு 2025இல் கணக்குச் சொன்னது. இடைவெளிகளைப் பார்க்கிறேன். பன்னிரண்டு வருடம், நான்கு வருடம், ஆறு வருடம். ஒரு சாண் கல்லுக்கு இருபது வருடம் வேண்டும்.

*

ஜூன், வெள்ளி

பாட்டி இராமநாதபுரத்துக் கடற்கரைக்காரி. பத்து வயதில் கப்பலேறியவள். அவளுடைய வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்பு டப்பி மட்டும் பித்தளை. இங்கே கடையில் வாங்கும் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துப்போடுகிறது என்பாள். “எங்கூர்ச் சுண்ணாம்பு கடல்ல வெளஞ்சதுடா.”

அது உண்மை என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம்வரை 21 தீவுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளம். படகில் போய்க் கம்பியால் பெயர்த்து, கரையில் கொட்டி, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போனது கொஞ்சம். வீட்டுச் சுவருக்கும், பின்னாளில் ஆலைகளுக்கும் போனதுதான் மலையளவு. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைப் படத்தில் பார்த்தால் கட்டியிருக்கும் கல்லில் என் கதவுக்கல்லின் குழிகள் தெரியும். பாவம், அந்தக் காலத்தில் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்குக் கடல்தான் கல்லுடைக்கும் மலை. நானோ வேடிக்கை காட்டப் பெயர்த்தவன்.

1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். காகிதத்தில் அறிவித்த பிறகும் பெயர்ப்பது நடந்தது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடும் யானையோடும் சேர்த்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. பெயர்க்கும் தொழில் 2005வாக்கில்தான் ஓய்ந்தது. சட்டம் சாதிக்காததை ஒரு காலைப்பொழுது சாதித்தது என்று எழுதலாம், ஆனால் அது முழு நியாயமில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களும் இருந்தார்கள்.

இலங்கையில் பவளத்தை முருகைக்கல் என்பார்கள். அங்கே தென்மேற்குக் கரையில் இக்கடுவையில் முருகைப்பாறை காக்கப்பட்டிருந்தது. சற்றுத் தள்ளி, தொடருந்தையே அந்த ஆழிப்பேரலை புரட்டிப்போட்ட பெரலியப் பக்கம் அதை வெட்டியெடுத்திருந்தார்கள். முதல் இடத்தில் அலை தணிந்து சிறிது தூரத்திலேயே நின்றதையும், இரண்டாவது இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போனதையும் பின்னர் அளந்து எழுதினார்கள். ஊருக்கு முன்னே கடலுக்குள் ஒரு மதில் இருந்தது. அதைச் சுட்டு ஊரிலே வெள்ளையடித்துக்கொண்டார்கள்.

21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். பூவரசு நின்றிருக்குமோ. சுற்றியிருந்த பவளம் போனதும் அலை நேரே தீவின் மேல் ஏறி மணலை வாரிக்கொண்டு போயிருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு முதல் அதன் முன்னே கடலடியில் ஆயிரக்கணக்கில் காரைக் கூடுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்து, மணல் ஒதுங்கி, தீவு கரைவது நின்று கொஞ்சம் திரும்பியும் வந்தது. கூடுகளில் பவளமும் மீனும் குடியேறின. இந்த வேலையில் முன்நின்ற தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதலே பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்ப்பவர்கள். சுண்ணாம்பை வாரிய இடத்தில் சிமெண்ட்டை வைத்துத் தீவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் தீவு நிற்கிறது.

எனக்கு இதையெல்லாம்விட மனதில் நிற்பது பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்கள். தலைமுறையாகக் கடல்பாசி எடுப்பவர்கள். பூங்கா வந்ததும் பாட்டியும் பூட்டியும் போன தீவுக்குப் போவதே குற்றமாகிவிட்டது அவர்களுக்கு. அந்த மனத்தாங்கல் இன்றும் உண்டு. அப்படியிருந்தும் அந்தக் கரைப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, பவளத்தைச் சுரண்டும் இரும்பைக் கையில் எடுப்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் போவதைவிட, பதினெட்டு நாள் போகாமலிருப்பதுதான் அதில் வேலை. கூலியில்லாத வேலை. இதற்கு எந்த நிறுவனமும் பெயர்ப்பலகை வைக்க முடியாது.

அதே கரையில் நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பெண்களுக்கு வருமானம் என்று வெளிநாட்டுப் பாசி ஒன்றைக் கயிற்றில் கட்டி வளர்க்கக் கொடுத்தார்கள். கப்பாபைகஸ் என்று பெயர். நல்ல எண்ணம்தான். அது கயிற்றை விட்டு நழுவிக் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. இப்போது ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்குகிறார்கள்.

*

ஜூலை, சனி

பேத்தி வந்திருந்தாள். போன வருடம் பெர்ஹெந்தியான் தீவில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டவள். நான் கல்லைக் காட்டி வாக்குமூலம் கொடுத்தேன். சிரிக்காமல் கேட்டாள்.

“போர்ட்டிக்சன்ல திருப்பிப் போட்டுடவா?”

“வேணாம் தாத்தா. செத்தது செத்ததுதான். போட்டா அலையில உருண்டு பக்கத்துல இருக்கறத ஒடைக்கும்.”

என்னிடம் இருந்த ஒரே அழகான யோசனையும் அதோடு போயிற்று.

நம் மலேசியாவில் 42 தீவுகளைச் சுற்றிக் கடல் பூங்கா இருக்கிறது. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், கெடாவில் பாயார் என்று. கரையிலிருந்து இரண்டு கடல் மைல்வரை மீன் பிடிக்கவோ, பவளத்தைத் தொட்டெடுக்கவோ கூடாது. போக டிக்கெட் உண்டு. நம் பக்கத்துச் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் அப்படி ஒரு பூங்கா கிடையாது. கலங்கல் தண்ணீரில் தத்தளிக்கும் போர்ட்டிக்சன் பவளத்துக்கு டிக்கெட்டும் இல்லை, பூங்காக் காவலும் இல்லை. ஆனால் அவ்வளவு கலங்கலிலும் உயிரோடிருப்பது அதன் பெருமை.

படகு நங்கூரம் போட்டால் ஒரு முறைக்கு எவ்வளவு பவளம் உடையும் என்று கையை விரித்துக் காட்டினாள். அதற்காக மிதவைகளைக் கட்டிவைத்து, படகுகளை அதில் கயிறு போடச் சொல்கிறார்களாம். இருப்பதிலேயே சாதுவான வேலை அதுதான் என்று எனக்குப் பட்டது. ஒரு மிதவை, ஒரு கயிறு. பார்க்க ஒன்றுமில்லை. மலேசிய ரீஃப் செக் அமைப்பு 2007 முதல் தன்னார்வலர்களைப் பழக்கி, ஆண்டுதோறும் அதே இடங்களில் இறங்கி நாடா பிடித்து எண்ணுகிறது. எண்ணுவதும் காவலில் ஒரு வகைதான். எண்ணாதது காணாமல் போனால் யாருக்குத் தெரியும்.

2010இல் தண்ணீர் சுட்டு வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் ஆகிய இடங்களில் பல முக்குளிப்புத் தலங்களை அக்டோபர் இறுதிவரை மூடிவைத்தார்கள். மூடினால் தண்ணீர் ஆறிவிடுமா என்று கேட்டேன்.

“ஆறாது. காய்ச்சக்காரன் வீட்டுக்கு விருந்தாளி போகாம இருக்கறது மாதிரி.”

நல்ல உவமை. என்னுடையதைவிட.

பவளத் துண்டு நடுவதைப் பற்றிக் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். தங்கும் விடுதிகள் விருந்தினர் பெயரில் ஒரு துண்டு நட்டுப் படம் எடுத்துக் கொடுக்கின்றனவாம். நட்டது அடுத்த சூட்டில் வெளுத்தால் படத்தை யார் திருப்பி எடுப்பது? உடைந்துபோன ஓரிடத்தைத் தைக்க நடவு உதவும் என்றாள். துணியே எரியும்போது தையலால் பயனில்லை என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

சமையலறையிலிருந்து எலுமிச்சை அரிந்து வந்து கல்லின் மூலையில் இரண்டு சொட்டு விட்டாள். சுர்ரென்று நுரைத்தது. நாம் எரிக்கும் புகையில் கால் பங்குக்குக் குறையாமல் கடல்தான் விழுங்குகிறது. அதனால் தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கடல்மேல் தண்ணீரின் அமிலத்தன்மை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கிறது. எலுமிச்சை அளவுக்கெல்லாம் இல்லை. பவளம் சுண்ணாம்பு இறக்குவது முன்னைவிடக் கடினமாகும் அளவுக்கு மட்டும். சொட்டு விழுந்த இடத்தில் குழிகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

*

ஆகஸ்ட்

சிப்பாடான் தீவை நினைத்துக்கொண்டிருந்தேன். போனதில்லை, இனிப் போகப்போவதுமில்லை. அங்கே பவளத்துக்காக 2004 முடிவுக்குள் தீவிலிருந்த விடுதிகளையெல்லாம் காலி செய்தார்கள். முக்குளிக்க வருபவர்களை நாளைக்கு 120 பேர் என்று குறைத்தார்கள். 2006 மே மாதம், தீவில் கட்டடம் கட்டுவதற்கான சாமான் ஏற்றி வந்த பார்ஜ் ஒன்று பவளத்திட்டின்மேல் ஏறி ஒரு பகுதியைச் சிரைத்துவிட்டது.

இதைப் படித்த அன்று நெடுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

*

அக்டோபர், மாலை

இரண்டு வீடு தள்ளி அடுப்படியை இழுத்துக் கட்டுகிறார்கள். காலையில் லோரி ஒன்று வந்து மணலைக் கால்வாய் ஓரமாகக் கொட்டிவிட்டுப் போனது. ஆறரை மணிக்கு மேற்கே கறுத்தது. காற்று கிளம்பிக் கதவு அடித்துக்கொண்டது. கல் கதவிடம் இல்லை, எலுமிச்சை விட்ட நாளிலிருந்து மேசைமேல் இருக்கிறது.

கதவைச் சாத்தப் போனவன் மணலைப் பார்த்தேன். பின்கட்டில் தீபாவளிப் பந்தலுக்கு வாங்கிய நீலக் கான்வாஸ் மடித்துக் கிடந்தது. விரித்துப் போட்டேன். எழுபத்தைந்து வயதில் காற்றோடு கான்வாஸை விரிப்பது ஒரு வேடிக்கை. மூன்று மூலைக்குச் செங்கல் கிடைத்தது. நான்காவது மூலை பறந்துகொண்டே இருந்தது. உள்ளே போய் மேசைமேல் இருந்ததைத் தூக்கி வந்து வைத்தேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

“என்னா வாத்தியாரே, நம்ம மணலுக்கா இவ்ளோ பாடு? ஒரு லோரி நூத்துச் சொச்சம் வெள்ளிதானே.”

“கால்வாய்ல போயிரும்பா.”

“போனா போவுது. ஆத்துல இருந்து வந்ததுதானே, ஆத்துக்கே போவட்டும்.” சிரித்துவிட்டு, குனிந்து தளர்ந்திருந்த மூலையை இழுத்துச் செருகினான். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “இது என்னா கல்லு? ஓட்ட ஓட்டயா?”

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஓடினோம்.

*

மறுநாள் காலை

கான்வாஸ் நடுவில் ஒரு குட்டை. மணல் பெரும்பாலும் அப்படியே. கால்வாய் வழக்கம்போலச் சிவப்பு. மேலே எங்கோ இன்னும் பெரிய குவியல் திறந்து கிடக்கிறது.

கல் ஊறியிருந்தது. தூக்கினேன், நேற்றையைவிடக் கனம். குழி ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்றது.